வரைபடத்தில் ஒரு பாட்டில் பிரஷ் புள்ளி

தேவிகுளம் பக்கம் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உலகம் முழுக்க உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஜிபிஐஎஃப் தளத்தில் உங்கள் ஊரைத் தேடினீர்கள். இரவிகுளம் தேசியப் பூங்காக் காட்டுக்கு நடுவே, பாட்டில் கழுவும் பிரஷ் போலப் பூக்கும் பாட்டில் பிரஷ் செடிக்கு ஒரு புள்ளி இருந்தது. சொடுக்கிப் பார்த்தால் உலர் மாதிரி, 1957, தேவிகுளம், ஐயாயிரம் அடி என்று விவரம். மாதிரியை ஒட்டிய ஷீட்டில் எழுதிய பெயர் கல்லிஸ்டெமான் லான்சியோலேட்டஸ், தளம் காட்டும் பெயர் மெலலூக்கா சிட்ரினா. இது நம் காட்டுச் செடியா, பெயர் ஏன் இரண்டு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இதைச் சேர்க்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அட்டையில் ஒட்டிய காய்ந்த கிளை எதற்கெல்லாம் சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்பதுதான் அது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காட்டு எல்லையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருபது வருஷத்துக்கு மேல் அங்கிருந்த ஹெர்பேரியத்தையும், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகத்தையும், பார்த்துக்கொண்டேன். ஷீட் ஒட்டுவது, லேபிள் எழுதுவது, கரையானோடு மல்லுக்கட்டுவது எல்லாம் பழக்கம். கொய்யா, நாவல், யூகலிப்டஸ், பாட்டில் பிரஷ் எல்லாம் சேர்ந்த மிர்ட்டேசி குடும்பத்தில் நான் நிபுணன் இல்லை. நீங்கள் சொல்லும் ஷீட்டை நான் பார்க்கவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாத ஒன்று. பாட்டில் பிரஷ் நம் காட்டுச் செடி இல்லை. அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி. 1770-இல் கேப்டன் குக்கின் கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸும் டேனியல் சோலாண்டரும் சிட்னிக்குப் பக்கத்தில் உள்ள பாட்டனி விரிகுடாவில் இதைச் சேகரித்தார்கள். 1794-இல் வில்லியம் கர்ட்டிஸ் தன் தாவரவியல் பத்திரிகையில் படத்தோடு வெளியிட்டு இதற்கு மெட்ரோசிடெராஸ் சிட்ரினா என்று பெயர் வைத்தார். அவர் பார்த்து எழுதியது இங்கிலாந்தில் தோட்டத்தில் வளர்த்துப் பூத்த செடியை. பெயர் கிடைத்தபோதே அது தொட்டிச் செடிதான், போங்கள். நம் மலைகளுக்கும் அது பங்களாத் தோட்டத்து அழகுச் செடியாகவே வந்தது. ஆகவே தேவிகுளத்தில் 1957-இல் யாராவது கிளை ஒடித்திருந்தால், ஒருவர் நட்ட மரத்திலிருந்து ஒடித்திருக்க வேண்டும். அல்லது அப்படி நட்ட மரத்தின் விதை விழுந்து முளைத்ததிலிருந்து. முதலாவதுக்குத்தான் வாய்ப்பு மிக அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் லேபிளில் அதைச் சொல்லும் சொல் இல்லாதவரை அது என் எண்ணம் மட்டுமே.

அடுத்து பெயர். இது குழப்பமாகத் தெரிந்தாலும் உண்மையில் நேர்கோடான கதை. இங்கிலாந்தில் கர்ட்டிஸுக்கு மூன்று வருஷம் கழித்து, 1797-இல், ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் இதே செடியை மெட்ரோசிடெராஸ் லான்சியோலேட்டா என்று விவரித்தார். பிறகு ராபர்ட் பிரவுன் 1814-இல் கல்லிஸ்டெமான் என்ற பேரினத்தை உருவாக்கினார்; கிரேக்கத்தில் அழகான மகரந்தத்தாள் என்று பொருள். ஸ்மித் வைத்த பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டு கல்லிஸ்டெமான் லான்சியோலேட்டஸ் ஆனது. தாவரப் பெயர்களில் முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை. 1794 முந்தியது என்பதால் 1913-இல் ஸ்கீல்ஸ் என்பவர் அதைக் கல்லிஸ்டெமான் சிட்ரினஸ் என்று சரிசெய்தார். ஆனால் நம் ஊர்த் தோட்டக்கலைப் புத்தகங்கள், நர்சரிகள், கல்லூரி நோட்டுகள் எல்லாவற்றிலும் லான்சியோலேட்டஸ் அதற்குப் பிறகும் வெகுகாலம் உட்கார்ந்திருந்தது. நான் படித்த காலத்திலும் அதுதான். 1957 ஷீட்டில் அந்தப் பெயர் இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

மெலலூக்கா என்பது வேறு விவகாரம். கல்லிஸ்டெமானையும் மெலலூக்காவையும் பிரித்து வைத்திருந்தது முக்கியமாக ஒரே ஒரு குணம். மெலலூக்காவில் மகரந்தத்தாள்கள் ஐந்து கற்றையாகச் சேர்ந்திருக்கும், கல்லிஸ்டெமானில் தனித்தனியாக இருக்கும். இரண்டுங்கெட்டானாக நிற்கும் இனங்கள் இருப்பதால் அந்த வேலி அவ்வளவு உறுதி இல்லை என்று பலர் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் லிண்ட்லி கிரேவன் 2006-இல் கல்லிஸ்டெமான் இனங்கள் பலவற்றுக்கு மெலலூக்காவில் பெயர் அமைத்துக் கொடுத்தார். நம் செடிக்கு மெலலூக்கா சிட்ரினா என்ற பெயர் 1802-இலேயே ஒருவர் வைத்தது. புதிதாக ஒன்று தேவைப்படவில்லை. இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவிலேயே சில ஹெர்பேரியங்கள் இன்றும் கல்லிஸ்டெமான் என்றுதான் எழுதுகின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் எந்தப் பெயரைப் போட்டாலும் தவறில்லை, ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் என்ன பெயர் இருந்தது என்பதையும் தனியாக எழுதிவிடுங்கள்.

பெயரைவிட எனக்கு அதிகச் சந்தேகம் இனத்தின் மேல்தான். சிவப்பாகப் பூக்கும் பாட்டில் பிரஷ் எதுவாக இருந்தாலும் லான்சியோலேட்டஸ் என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருந்தது. நான் கையாண்ட ஷீட்டுகளில் பல, கிளை தொங்கும் வகையான விமினாலிஸ்ஸாக எனக்குப் பட்டன. ரோட்டோரத்தில், பள்ளிக்கூட வளாகத்தில் வில்லோ மரம் போலக் கிளை தொங்க நிற்பது அந்த வகைதான். சிட்ரினஸ் பெரும்பாலும் விறைப்பான புதர். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும், பெயரே அதனால் வந்தது. ஆனால் காய்ந்த ஷீட்டில் கிளை தொங்கியதா நிமிர்ந்ததா என்று தெரியாது, வாசமும் அறுபது வருஷம் நிற்காது. பூவின் அடியைத்தான் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். சிட்ரினஸில் மகரந்தத்தாள்கள் தனித்தனியாக நிற்கும். விமினாலிஸில் அடியில் லேசாக ஒட்டியிருக்கும், ஐந்து கற்றையாகப் பிரிந்தது போலவும் தெரியும்; சில பூவில் அதுவும் தெளிவாகத் தெரியாது. போதாக்குறைக்கு நர்சரிகளில் கலப்பின வகைகள் வேறு. ஆகவே ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்ன இனம்தான் என்று நானும் சொல்ல மாட்டேன், யாராவது சொன்னால் நீங்களும் நம்ப வேண்டாம்.

இப்போது அந்தப் புள்ளிக்கு வருவோம். 1957-இல் யார் கையிலும் ஜிபிஎஸ் கிடையாது. லேபிளில் ஊர் பெயரும் உயரமும்தான் இருந்திருக்கும். பல வருஷம் கழித்து, ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பதிந்தவர் தேவிகுளம் என்ற சொல்லுக்கு ஓர் அட்சரேகை, தீர்க்கரேகை போட்டிருப்பார். தாலுகாவின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்வது வழக்கமான குறுக்குவழி. பெரிய தாலுகா என்றால் அந்த நடுப்புள்ளி காட்டிலும் விழும், பாறையிலும் விழும். டிகிரியில் ஒரே ஒரு தசம இடம் மட்டும் கொடுத்திருந்தால் அதுவே பதினோரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகலாம். இரண்டு இடம் என்றால் ஒரு கிலோமீட்டர். உங்கள் மலையில் ஒரு கிலோமீட்டர் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும், தேயிலையில் தொடங்கிச் சோலையைத் தாண்டிப் புல்வெளிக்கே போய்விடலாம். பதிவில் இருப்பிடத் துல்லியம் எத்தனை மீட்டர் என்று ஒரு கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தால் புள்ளியை மறந்துவிட்டு லேபிளில் உள்ள ஊர் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் பெயரும் லேசுப்பட்டதில்லை. எல்லைப்பக்கத்து ஷீட்டுகளைப் பிரித்து அடுக்கும்போது எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். தேவிகுளத்தில் ஓர் இடத்தில் நிற்கும் ஒரே மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 ஜூலைக்கு முன் கிளை ஒடித்தால் லேபிளில் திருவிதாங்கூர் என்று இருக்கும். அதற்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு கேரளம், கோட்டயம் மாவட்டம். 1972 ஜனவரி 26-க்குப் பிறகு இடுக்கி மாவட்டம். மரம் நகரவே இல்லை, முகவரி நாலு. செங்கோட்டை என்றால் இன்னும் வேடிக்கை. 1949 வரை திருவிதாங்கூர், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி, பிறகு சென்னை மாநிலத்தில், அதாவது இன்றைய தமிழ்நாட்டில், திருநெல்வேலி, 2019-லிருந்து தென்காசி. திருவிதாங்கூர் என்ற சொல்லைப் பார்த்துச் செங்கோட்டை ஷீட்டைக் கேரளப் பட்டியலில் சேர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் பாலக்காடு மலபாரில், அதாவது சென்னை மாகாணத்தில். அதை அடுத்தே சித்தூர் கொச்சி ராஜ்யத்தில். வாளையாறு என்று எழுதிப் பக்கத்தில் மெட்ராஸ் என்று போட்ட ஷீட்டைச் சென்னைக்குப் பக்கத்தில் எங்கோ என்று நினைத்துப் புள்ளி வைத்தால் கதை முடிந்தது. அப்புறம் எழுத்துக்கூட்டல். பீருமேடும் தேவிகுளமும் வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி நாலைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுத் தேடினால் பாதி ஷீட் கண்ணில் படாது.

ஐயாயிரம் அடி என்பது ஏறக்குறைய 1,524 மீட்டர், மூணாறு டவுன் உயரத்துக்கு ஒத்துப்போகிறது. அதனால்தான் பங்களாவோ எஸ்டேட்டோ இருந்த இடத்தில் எடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பதிவில் அடி என்று சரியாக இருக்கிறது, நல்லது. அடியை மீட்டர் கட்டத்தில் அப்படியே தட்டிவிட்ட பதிவுகள் உண்டு. ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், ஐயாயிரம் மீட்டரில் பூத்த பாட்டில் பிரஷ்ஷைப் பார்க்க நாம் இமயமலைக்குத்தான் போக வேண்டும். தேதியிலும் இதே போல ஒரு சிக்கல் உண்டு. 3.4.57 என்று இருந்தால் மூன்றாம் மாதமா நாலாம் மாதமா? இதற்காகத்தான் பழைய ஆட்கள் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினார்கள்.

புள்ளி எப்படித் தப்பான இடத்துக்குப் போகும் என்பதற்கு வேறு யாரையும் உதாரணம் காட்ட வேண்டியதில்லை, நானே ஒன்று செய்திருக்கிறேன். 1989-இல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நெல்லியாம்பதி போனோம். தேடிப்போனது ஆர்க்கிட். வழியில் பஸ் டயர் பஞ்சர், நிறுத்திய இடம் ஓர் எஸ்டேட் கேட். கேட்டுக்கு இருபுறமும் இரண்டு பாட்டில் பிரஷ், முழுக்கச் சிவப்பு. சும்மா நிற்பானேன் என்று வாட்ச்மேனிடம் கேட்டு ஒரு கிளை ஒடித்துச் செடியை அழுத்தி உலர்த்தும் பிரஸ்ஸில் வைத்தேன். லேபிளில் நான் எழுதியது இவ்வளவுதான்: நெல்லியாம்பதி, சுமார் 900 மீட்டர், சிறு மரம், பூ சிவப்பு. கேட், எஸ்டேட், நட்டது, இந்த மூன்றில் ஒரு சொல்கூட எழுதவில்லை. பார்த்தால் தெரியாதா என்ற நினைப்பு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகி ஷீட்டுகளை எல்லாம் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். அப்புறம் ஒரு நாள் வேறு மாவட்டத்திலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் போன் செய்து, "சார், நெல்லியாம்பதிக் காட்டுக்குள் பாட்டில் பிரஷ் தானாகவே வளருதாமே, நீங்கதான் சேகரிச்சதுன்னு போட்டிருக்கு" என்றார். வரைபடத்தில் என் மரம் ரிசர்வ் காட்டுக்குள் போய் நின்றிருந்தது. பழைய லேபிளைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டக் கூடாது, அது ஹெர்பேரியத்தில் பெரும் பாவம். கீழே ஒரு சின்னச் சீட்டில், எஸ்டேட் கேட்டில் நட்ட மரம், இதைத் தெரிவிப்பவர் சேகரித்தவரே என்று தேதியோடு எழுதி ஒட்டினேன். ஷீட்டைத் திருத்த அஞ்சு நிமிஷம் ஆனது. இணையத்தில் அது திருந்துவதற்கு மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அழகுச் செடிகளை ஹெர்பேரியத்துக்காரர்கள் பெரும்பாலும் சேகரிப்பதே இல்லை. காட்டுக்குப் போகிறவன் கேட்டில் நிற்கும் செடியைத் திரும்பிப் பார்ப்பானா? நான் டயர் பஞ்சரானதால் பார்த்தேன். கேம்பிள் தொகுத்த மெட்ராஸ் மாகாணத் தாவரநூல் போன்ற பெரிய நூல்கள் காட்டுச் செடிகளுக்கானவை. ஃபைசன் 1932-இல் மலைவாசஸ்தலங்களுக்கென்று எழுதிய நூல்தான் வெளிநாட்டிலிருந்து வந்த செடிகளுக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் கொடுத்தது. அதுவும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம். உங்கள் மலை அதில் வராது. ஆகவே மூணாறு பக்கம் ஒரே ஒரு புள்ளி இருப்பதால் பாட்டில் பிரஷ் அங்கே அபூர்வம் என்று எழுதிவிடாதீர்கள். 1957-க்கு முன் ஷீட் இல்லை என்பதால் 1957-இல்தான் வந்தது என்றும் எழுதக் கூடாது. அந்தத் தேதிக்குள் வந்துவிட்டது என்பது வரைக்கும்தான் சொல்லலாம். புள்ளிகளின் எண்ணிக்கை செடியைப் பற்றிச் சொல்வதைவிட, சேகரித்தவர்கள் எந்த ரோட்டில் போனார்கள், எங்கே டீக்கு நின்றார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

எண்ணிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே நாளில் ஒரே மரத்தில் ஒடித்த கிளைகளை மூன்று ஷீட்டாக்கி ஒன்றைக் கோயம்புத்தூர் ஹெர்பேரியத்துக்கும் ஒன்றை ஹௌரா ஹெர்பேரியத்துக்கும் ஒன்றை வெளிநாட்டுக்கும் அனுப்புவது வழக்கம். தளத்தில் அவை மூன்று பதிவாக வரும். சேகரித்தவர் பெயரும் அவர் கொடுத்த வரிசை எண்ணும் ஒன்றாக இருந்தால் அவை ஒரே கிளைக்கூட்டம் என்று கணக்கில் ஒன்றாகவே எடுங்கள்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் போடலாமா? போடலாம். 1957-இல் தேவிகுளம் என்று குறிப்பிட்ட இடத்திலிருந்து சிவப்புப் பாட்டில் பிரஷ் ஒன்றின் மாதிரி எடுக்கப்பட்டிருக்கிறது, நட்டதா தானாக வந்ததா என்று லேபிளில் குறிப்பு இல்லை என்று எழுதுங்கள். இரவிகுளத்தில் வளர்கிறது என்று எழுத வேண்டாம். அதற்கு முன் ஷீட்டை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுவது நல்லது. கோயம்புத்தூர் லாலி ரோட்டில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் இருந்தால் உங்களுக்கு ஒரு நாள் வேலை. பெயரில்தான் மெட்ராஸ், 1909-லிருந்தே அது கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. கல்லூரிக் கடிதமும் ஷீட்டின் பதிவு எண்ணும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். லேபிளில் ஆங்கிலத்தில் வளர்ப்பு என்பதைச் சுருக்கிப் பென்சிலில் நாலு எழுத்து எழுதியிருக்கலாம், பதிந்தவர் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். பழைய ஷீட்டுகளில் பூச்சிக்கு எதிராகப் பாதரசக் குளோரைடு பூசியிருப்பார்கள், தொட்ட கையைக் கழுவாமல் வடை சாப்பிடப் போய்விடாதீர்கள்.

அது தானாகப் பரவுகிறதா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். இதே மெலலூக்கா பேரினத்தில் குயின்குநெர்வியா என்ற இனம் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தை மைல் கணக்கில் பிடித்துக்கொண்டது. எஸ்டேட் பக்கம் நட்ட வாட்டில் என்ற வெளிநாட்டு மரம் புல்வெளியில் ஏறியதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். பாட்டில் பிரஷ் அப்படிச் செய்ததாக எனக்குத் தெரிந்த ஷீட் எதுவும் காட்டவில்லை. ஆனால் முன்னே சொன்னபடி, ஷீட் இல்லாததைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதன் காய் மரக்கட்டை போல இறுகி வருஷக்கணக்கில் கிளையிலேயே இருக்கும். உள்ளே தூசி போன்ற விதை. கிளை காய்ந்தாலோ தீ பட்டாலோ வெடித்துக் கொட்டும். விமினாலிஸ் சொந்த ஊரில் ஓடைக்கரையில் வளர்வது. அதனால் பங்களாவுக்குக் கீழே உள்ள ஓடையோரம் போய், யாரும் நடாத இடத்தில் கன்று இருக்கிறதா என்று பாருங்கள். பூங்காவுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்க வேண்டாம்.

இருந்தால் ஷீட் போடுங்கள். பூவும், அதற்குக் கீழே போன வருஷக் காயும், பூக்கொத்தின் நுனியைத் தாண்டி வளரும் புதுத் துளிரும் ஒரே கிளையில் இருக்கிற மாதிரி ஒடியுங்கள். மழைக்காலத்தில் உங்கள் ஊரில் பிரஸ்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், பேப்பரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்றி அடுப்படிப் பக்கம் வையுங்கள். மகரந்தத்தாள் உதிரும், உதிர்ந்ததை ஒரு காகித உறையில் போட்டு ஷீட்டிலேயே ஒட்டுங்கள், இனம் பிரிக்க அதுதான் வேண்டும். சிவப்பு காய்ந்து பழுப்பாகிவிடும் என்பதால் நிறத்தை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். எந்த ஓடை, எந்த லயத்திலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் நட்ட மரம் இருக்கிறதா, கன்று எத்தனை என்று லேபிளில் இடம் கொள்ளுமட்டும் எழுதுங்கள். பூவின் அடியை ஸ்கேலோடு படம் எடுத்து இங்கே போட்டால் சிட்ரினஸா விமினாலிஸா என்று நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.